மூணு எட்டு அஞ்சு ஆறு ரெண்டு

கண்ணாடிக்காரரின் கடை பத்தடி நீளம். கண்ணைச் சோதிக்க இருபதடி தூரம் வேண்டும். மீதிப் பத்தடிக்கு எங்கே போவது? சுவரை இடித்தால் பக்கத்துக் கடைத் தையல்காரர் கத்திரியும் கையுமாக வந்து நிற்பார். அதனால் இந்தத் தொழிலில் இடமில்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் இவரும் செய்திருந்தார். எதிர்ச் சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி. நாற்காலியில் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால், எண்களை இடம் வலமாகத் திருப்பி அச்சடித்த அட்டை. நிலைக்கண்ணாடிக்குள் பார்த்தால் எண்கள் நேராகிவிடும், பத்தடி இருபதடியாகிவிடும். பாதித் தூரம் பொய்தான். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே இருபத்தைந்து வருஷமாக ஊர்க் கண்ணுக்கெல்லாம் உண்மை சொல்லிவந்தார். அட்டையை மட்டும் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

அட்டைக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். அவருடைய ஒரே மகள் வளர்ந்ததே அந்த ஸ்டூலில்தான். இருபது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பின்னறையில் பாப்பாவின் அம்மா லென்ஸ் தேய்க்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேசுவது என்பதே மறந்துவிட்டது. அவர் புருஷனிடம் ரகசியம் சொன்னால் தையல்காரர் பதில் சொல்வார். தூசி பறக்கிற அந்த அறையில் குழந்தையை விட முடியுமா? முன்னால் ஸ்டூலில் உட்கார்த்திவைத்தார்கள்.

வருகிறவர் போகிறவர் எல்லாரும் அட்டையின் கடைசி வரிசையைப் படிப்பார்கள். "மூணு, எட்டு, அஞ்சு, ஆறு, ரெண்டு." பாப்பாவுக்குப் பேச்சு வந்ததும் அவள் வாயில் வந்த முதல் பாட்டே அதுதான். அம்மா சோறு ஊட்டுவதும் அந்தக் கணக்கில்தான். மூணுக்கு ஒரு வாய், எட்டுக்கு ஒரு வாய். ரெண்டு வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று குழந்தை எழுந்து ஓடிவிடும். அப்புறம் யார் பிடிப்பது!

ஆறு வயதானபோது கண்ணாடிக்காரர் அவளை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்து முறைப்படி சோதித்தார். இடது கண்ணை மறைத்தார். கடைசி வரிசையைக் கடகடவென்று சொன்னாள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வலது கண்ணை மறைத்தார். அதையும் சொன்னாள். அவ்வளவுதான், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். "எம் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு! ரெண்டும் கழுகுக் கண்ணு!" என்று தையல்காரரிடம், பால்காரரிடம், சைக்கிளில் போன தபால்காரரை நிறுத்தி அவரிடமும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தார்கள். யார் சோதித்தது? சாட்சாத் இவரேதான். வருஷா வருஷம் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக இந்தக் கடைக்குத்தான் கூட்டிவருவார். வருஷா வருஷம் பாப்பா அதே நாற்காலியில், அதே வரிசையை, அதே வேகத்தில் சொன்னாள். வருஷா வருஷம் அவரும் அதே கழுகைத் தெருவில் பறக்கவிட்டார்.

படிப்பு முடிந்ததும் பாப்பா கடைக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் பழைய ஸ்டூலுக்கு உயரமாகப் புதுக் கால் போட்டார். "இனிமே இது உன் இடம்" என்றார். வேறெதுவும் அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் நின்று குச்சியால் அட்டையைத் தொட, பாப்பா ஸ்டூலில் இருந்து எண்களைக் குறித்துக்கொள்ள, நிலைக்கண்ணாடிக்குள் மூன்று முகமும் ஒன்றாகத் தெரியும். அந்தக் காட்சி தன் காலம் முழுக்க இருக்க வேண்டும் என்று ஏங்கினார். வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு பட்டாளத்துக்காரம்மா கடைக்குள் வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். கையில் ஒரு பைனாகுலர். சொந்தப் பொருளாம், கீழே விழுந்து ஒன்று இரண்டாகத் தெரிகிறதாம்.

"நாங்க மூக்குக்கண்ணாடி மட்டும்தாம்மா பாக்கறது" என்றார் கண்ணாடிக்காரர்.

"குடுங்க, பாக்கறேன்" என்று பாப்பா கையை நீட்டிவிட்டாள்.

இரண்டு நாள் அதோடு மல்லாடினாள். உள்ளே இடம் பிசகியிருந்த பிரிசம் என்கிற முக்கோணக் கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்தி உட்காரவைத்தாள். துடைத்து மூடி, சரிபார்க்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். கடை வாசலுக்கு எதிரே ஆறடியில் ஒரு சுவர். அதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துவந்தாள். மாடியில் இருந்து அன்று ஊரின் கடைசி வீடு தெரிந்தது, அதற்கப்பால் பாலம், பாலத்தில் போன ரயில், ரயில் ஜன்னலில் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் சீப்பு வரைக்கும் தெரிந்தது. அம்மா கீழேயிருந்து மூன்று முறை கத்தினார், தெருவே திரும்பிப் பார்த்தது. பாப்பா இறங்கவில்லை.

இருட்டத் தொடங்கியபிறகு வந்தவள், "எவ்வளவு தூரம்ப்பா!" என்றாள். கொஞ்சம் கழித்து, "இடது குழாய் மட்டும் இன்னும் அழுக்கா இருக்குப்பா. மூணு தடவ துடைச்சிட்டேன்" என்றாள்.

கண்ணாடிக்காரர் வாங்கிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. "நல்லாத்தானே இருக்கு, உனக்கு எதையும் நோண்டிக்கிட்டே இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊர்க் கண்ணெல்லாம் பார்க்கிற மனுஷன்! அந்த நேரத்தில் அவர் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

பைனாகுலரை வாங்க வந்த பட்டாளத்துக்காரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அசந்துபோனார். "பாப்பா, இதுக்குன்னே பட்டாளத்துல ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. பைனாகுலர், தொலைநோக்கி, தூரம் அளக்கிற கருவி, எல்லாம் அங்கதான் பிரிச்சு மாட்டுவாங்க. பொண்ணுங்களும் இருக்காங்க. மலை மேல இருக்கு. சரிபார்க்கணும்னா ஜன்னலத் திறந்தா போதும், நாப்பது மைல் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம்.

நாப்பது மைல் பாப்பாவைப் பிடித்துக்கொண்டது. ஆளெடுப்பு நோட்டீஸ் வந்ததும் மனுப் போட்டாள். அப்பாவிடம் நேராகச் சொன்னாள்.

"பட்டாளமா? உனக்கா? குளிருதுன்னா ரெண்டு போர்வை கேக்கற ஆளு நீ!"

"அங்க போர்வை குடுப்பாங்கப்பா."

"இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்ல. தூரம்தான் இல்ல."

கண்ணாடிக்காரருக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. எட்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அந்தப் பத்தடிக் கடையில் எவ்வளவு பாடுபட வேண்டும் தெரியுமா? திரும்பினால் நிலைக்கண்ணாடி, அதில் அவள் முகம். இந்தப் பக்கம் திரும்பினால் அவளே.

தேர்வுக்குப் போனாள். ஓடச் சொன்னார்கள், ஓடினாள். தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். வலது கண், முழுசாகச் சரி. வலது கண்ணை மறைக்கச் சொன்னார்கள். அங்கே இருந்தது வேறு அட்டை. மேலே ஒரு பெரிய எண் இருந்தது. அதற்குக் கீழே பாப்பாவுக்குச் சாம்பல் பூசினாற்போல இருந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்து, கையிலிருந்த ஃபாரத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. இடது கண்ணு சோம்பேறிக் கண்ணாம். சின்ன வயசுலயே நல்ல கண்ணை மறைச்சுக் கட்டிப் பழக்கியிருந்தா சரியாகியிருக்குமாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாதாம்."

பொய் சொல்ல மாட்டேன், அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரர் மனதில் முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். மற்ற வார்த்தைகள் அப்புறம்தான் உள்ளே இறங்கின. இறங்கினதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணுக்கா? என் கடையிலயா?" என்றார். மெஷின் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

பாப்பா ஃபாரத்தைக் காட்டி விளக்கினாள். துப்பாக்கி தூக்குகிற வேலைக்கு ஆகாது. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப் வேலைக்கு ஒரு கண் முழுசாக இருந்தால் போதும். முழுசு என்றால் முழுசு, சிக்ஸ் பை சிக்ஸ், ஒரு வரிசை குறைந்தாலும் கூப்பிடவே மாட்டார்கள். உரிமம் உள்ள யாராவது ஒருவர் கண்ணைச் சோதித்து எழுத வேண்டும். வேலை தெரியும் என்று முதலாளி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஃபாரம் போய்ச் சேர வேண்டும்.

மறுநாள் கண்ணாடிக்காரர் எங்கேயோ போய்ப் புது அட்டை வாங்கிவந்தார். பழசைக் கழற்றினார். அட்டை இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருந்தது. அதன்மேல் புதுசை மாட்டிவிட்டு, "உக்காரு" என்றார். எட்டு நாளுக்கு அப்புறம் அவராகப் பேசிய முதல் வார்த்தை.

வலது கண்ணால் கடைசி வரிசை வரைக்கும் வாசித்தாள். "அதுக்குக் கீழ அச்சகத்துப் பேரு போட்டிருக்கு. அதையும் வாசிக்கட்டுமா?"

"வாயாடாதே. வலதை மூடு."

கண்ணை மறைக்கிற கறுப்புத் தட்டை எடுத்து வலது கண்ணில் வைத்துக்கொண்டாள். நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"பெரிய எண்ணு ஒண்ணு. ஏழா இருக்கும், இல்லாட்டி ஒண்ணு."

"கீழ?"

"ஒண்ணுமில்ல. நீங்க நிக்கறீங்க."

"மூஞ்சி தெரியுதா?"

"மூஞ்சி தெரியலப்பா. நீங்கதான்னு தெரியுது."

குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "அப்ப ஆறு வயசுல எப்படிடீ படிச்சே?"

"படிக்கலப்பா, சொன்னேன். மனப்பாடம்தானே."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே பாப்பா! ஒரு வார்த்த!"

அவள் தட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "முதல் கண்ணுக்குச் சொன்னப்ப நீங்க அப்படி சந்தோஷப்பட்டீங்க. ரெண்டாவதுக்கும் அந்த சந்தோஷம் வேணும்னு இருந்துச்சு. சின்னப் பிள்ளையில எல்லாருக்குமே ஒரு கண்ணு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். வளந்தப்புறம் அதப் பத்தி யோசிக்கவே இல்ல."

கண்ணாடிக்காரர் எழுதப் போய் உட்கார்ந்தார். வேலையைப் பற்றி எழுதும்போது கை நிற்கவில்லை. லென்ஸ் பொருத்துவாள், பிரிசம் உட்காரவைப்பாள், இவளைப் போல் நிதானமான கையை நான் பார்த்ததில்லை. அத்தனையும் எழுதினார். இடது கண்ணுக்கு உள்ளதை எழுதினார். வலது கண்ணுக்கான கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

ஒரே ஒரு எண். யாருக்குத் தெரியப் போகிறது? பட்டாளத்து டாக்டர் ஒரு நாளைக்கு முந்நூறு பேரைப் பார்க்கிறவர், பழைய காகிதத்தை எடுத்துவைத்தா ஒப்பிடப் போகிறார்? மகள் மலைக்குப் போக மாட்டாள். ஸ்டூல் காலியாகாது. நிலைக்கண்ணாடிக்குள் மூன்று முகம் அப்படியே இருக்கும். கண்ணாடிக்காரர் இரண்டு வரிசை குறைத்து சிக்ஸ் பை ட்வெல்வ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பாப்பா வாங்கிப் படித்தாள். இந்த மாதிரிச் சீட்டு ஆயிரம் எழுதியவள் அவள். எந்தக் கட்டத்தில் எது இருக்க வேண்டும் என்று தெரியாதா? வலது கண் கட்டத்தில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. பிறகு ஃபாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். துணியை எடுத்து ஃபிரேம்களைத் துடைக்கப் போய்விட்டாள்.

கத்தியிருந்தால் கண்ணாடிக்காரரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். இந்தச் 'சரிப்பா'வை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆறு வயதில் அவர் சந்தோஷத்துக்காக ஒரு பொய் சொன்னாள். இப்போது அவர் பொய்யையும் அதே சந்தோஷத்துக்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவருக்கு முன்னால் வந்து கடையைத் திறந்தாள். பெருக்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, ஏறிட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஒரு தாய் சின்னப் பையனைக் கூட்டிவந்தார். நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைத்தார்கள். பையன் ஒரு கண்ணை மூடிக் கடைசி வரிசையைத் தத்தித் தத்தி வாசித்துவிட்டான். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கண்ணாடிக்காரர் வாயில் தானாக வந்துவிட்டது: "அடேயப்பா, கழுகுக் கண்ணு!"

பையனுக்கு முகமெல்லாம் பல். இன்னொரு கண்ணுக்கும் அதை வாங்கிவிட வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். நிலைக்கண்ணாடிக்குள் அவன் தலைக்கு மேலே கண்ணாடிக்காரர் பாப்பாவைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கை மட்டும் மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தக் கண்ணுல தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், சரியா? தெரியலன்னு சொன்னாலும் மாமாவுக்கு சந்தோஷம்தான்" என்றார் கண்ணாடிக்காரர். பையனின் தாய் இதென்னடா என்று அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் போனதும் கையை நீட்டினார். "அந்த ஃபாரத்தக் குடு. ஒரு எண்ணு தப்பா விழுந்திருக்கு."

பாப்பா கொடுத்தாள். அவர் ட்வெல்வை அடித்துவிட்டு சிக்ஸ் பை சிக்ஸ் என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே 'வேறு குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், 'இடது கண் குறையைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். சோதித்தவர் தவறு. சோதித்தவர் நான்' என்று எழுதினார். அதைப் படிக்கும்போதுதான் பாப்பாவுக்கு அழுகை வந்தது.

"எண்ணு தப்புன்னு தெரிஞ்சுதானே எடுத்து வச்சுக்கிட்ட? வேற கடைக்குப் போயிருக்கலாமே" என்றார்.

"போயிருக்கலாம்" என்று மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்க அனுப்பணும்னு இருந்துச்சுப்பா."

பின்னறையில் மெஷின் எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "போகட்டுங்க" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அந்தக் கடை கேட்டதே இல்லை.

ஒரு மாதத்தில் அழைப்பு வந்தது. அம்மா பெட்டியில் மூன்று போர்வை வைத்தார். தையல்காரர் ஊக்கும் ஊசியும் நூலும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, "அங்க உங்கம்மா குரல் கேக்கலன்னா சொல்லு, இங்க ஜன்னலத் திறந்துவைக்கச் சொல்றேன்" என்றார். காலை பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரத் தொடங்கியபோது பாப்பா உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டாள், நாற்காலியில் உட்கார்ந்து மூடுகிற அதே மாதிரி. மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்க்க, விமானத்தைக் கூப்பிடுகிறவர் மாதிரி வீசினார். பக்கத்தில் அம்மா, "தெரியுதாடீ?" என்று கத்தினார். பஸ்ஸுக்குள்ளிருந்து பதில் கேட்கவில்லை. அவள் தலை மட்டும் ஆடியது.

நேராகக் கடைக்குத்தான் வந்தார். இன்னும் யாரும் வரவில்லை. என்ன நினைத்தாரோ, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் உட்காராத அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கறுப்புத் தட்டை எடுத்து வலது கண்ணை மறைத்துக்கொண்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். அவருக்கு இடது கண்ணும் நல்ல கண். இருபதடி தூரத்தில் புது அட்டை தெரிந்தது, அதைச் சுற்றி வெளுத்த சுவர் தெரிந்தது, அதற்குக் கீழே காலி ஸ்டூல் அதன் திருகாணி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

"மூணு, எட்டு, அஞ்சு" என்று ஆரம்பித்தார். புது அட்டையில் அந்த எண்கள் இல்லை. இருந்தாலும் ரெண்டு வரைக்கும் சொல்லி முடித்தார்.